மழைச் சம்பந்தி

எத்திராஜின் வேடம் தண்ணீர். வசனம் கிடையாது. நீலத் தார்ப்பாயின் ஒரு முனையைத் தோளில் போட்டுக்கொண்டு, இடுப்பை வளைத்து, தெருமுனைக் கல்வெர்ட்டிலிருந்து மெதுவாக இழுத்து வருவார். முதலில் டீக்கடை ஓரம், பிறகு அயர்ன் வண்டி, பிறகு கஜபதி வீட்டு வாசல். தார்ப்பாய் ரோட்டில் உரசும் சத்தம் கேட்டதும், சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் தானாக அடங்கும். அம்பத்தூரில் ஏரிக்கரைக்குக் கீழே இருக்கும் தெரு அது. மிக்ஜாம் புயலில் தண்ணீர் எப்படி வந்ததோ அப்படியே வருகிறார் என்று எல்லோரும் சொல்வார்கள்.

நாடகத்தைத் தொடங்கியவர் கிருஷ்ணப்பிரியா. விருதுநகர்ப் பக்கத்துப் பெண், இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை, அந்தத் தெரு அபார்ட்மென்ட்டில் தோழிகளோடு வாடகைக்கு இருக்கிறார். புயலன்று பால்கனியில் நின்று, எதிர்வரிசைக் கீழ்வீட்டுக்காரர்கள் கட்டில்மேல் ஏறி நிற்பதைப் பார்த்தாராம். மேலே வாங்க என்று கூப்பிட ஒருவர் பெயர்கூடத் தெரியவில்லை. அடுத்த வருடம் நாடகம் போட ஆரம்பித்தார்.

மேடை, திரை எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோலமாவால் ரோட்டிலேயே தெருவை வரைவார்கள். ஒரு கேட்டுக்கு ஒரு கட்டம். அவரவர் கட்டத்தில் அவரவர் போய் நிற்க வேண்டும். தண்ணீர் வரும். யார் எங்கே போவது என்று நடித்துக் காட்ட வேண்டும். வேடிக்கை பார்ப்பவர் யாராக இருந்தாலும் கைதூக்கி ஆட்டத்தை நிறுத்தலாம், உள்ளே வந்து வேறு மாதிரி செய்து பார்க்கலாம்.

அப்படி முதலில் கைதூக்கியவர் கஜபதியின் மனைவி சுரேகா.

"மாடிக்குப் போ, மாடிக்குப் போன்னு சொல்றியே, எப்படிப் போறது? ஈரத்துணியோட திடுக்னு போயி நின்னா அவங்க இன்னா நெனப்பாங்க?"

"வேற எப்படி போகலாம்க்கா?" என்று கேட்டார் கிருஷ்ணப்பிரியா.

"முன்னாடியே மொறையா சொல்லி வெக்கணும். தட்டுல வெத்தல பாக்கு வெச்சி."

கூட்டம் சிரித்தது. ஆனால் ஒத்திகையில் செய்து பார்த்தபோது பிடித்துப்போயிற்று. மழைக்காலம் தொடங்குமுன் கீழ்வீட்டுக் குடும்பம் ஒரு மாடிவீட்டுக்குத் தட்டோடு போய்ச் சொல்லிவைக்கும். மாடிவீட்டார் தட்டை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு ஒரு தட்டு கொடுப்பார்கள். அவ்வளவுதான். தண்ணீர் வந்தால் கேள்வி கேட்காமல் மேலே போய்விடலாம். அபார்ட்மென்ட் முதல் மாடி ஜமீலா இதற்கு ஒரு பெயரும் வைத்தார்: மழைச் சம்பந்தி.

நாடகத்தில் நடித்தது நிஜத்திலும் நடக்க ஆரம்பித்தது. கஜபதி, ஜமீலாவிடம் தட்டு நீட்டிய காட்சியைத் தெரு இன்னும் சொல்லிச் சிரிக்கும்.

"எங்க ஊட்டு ஜனம் அல்லாரும் வருவோம், நாய் ஒண்ணு. தட்ட வாங்கிக்கணும் சம்பந்தி."

"ஜனம் வரட்டும். நாய் சைவமா, அசைவமா?"

"நீங்க இன்னா போடுறீங்களோ அது."

"அப்போ நாய் மட்டும் மொதல்ல வரட்டும். நீங்க மோப்பம் புடிச்சிக்கினு பின்னாடியே வாங்க."

எத்திராஜ் இதையெல்லாம் தார்ப்பாயோடு ஓரமாக நின்று பார்த்திருக்கிறார். ஒரு காலத்தில் எஸ்டேட்டில் ஸ்பிரிங் செய்யும் கம்பெனியில் இருந்தார். கம்பெனி மூடியபின் தண்ணீர் கேன் போடுகிறார். மனைவி அன்னம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டார். மகள் ரேகா ஓசூரில். இவர் குடியிருப்பது கஜபதி வீட்டுப் பின்போர்ஷனில், ஓர் அறையும் ஒரு சமையல் மேடையும். முன்வீட்டு கேட் வழியாகத்தான் போய்வர வேண்டும்.

தெருவின் எல்லா மாடிப்படியும் அவர் தோளுக்குத் தெரியும். காலையில் கேனைத் தூக்கிக்கொண்டு ஏறுவார், செருப்பை வெளியே விடுவார், டிஸ்பென்சரில் கவிழ்ப்பார், காலி கேனோடு இறங்குவார். வாசலிலிருந்து டிஸ்பென்சர் வரைக்கும் ஒவ்வொரு வீடும் அத்துப்படி. அதற்கு அப்பால் எந்த வீடும் தெரியாது.

புயலன்று அவர் பின்போர்ஷன் மதில்மேல் உட்கார்ந்திருந்தார். காலி கேன்கள் அறைக்குள் மிதந்து ஒன்றோடொன்று இடித்துக்கொண்டிருந்தன. கஜபதி குடும்பம் முதலிலேயே மைத்துனர் வீட்டுக்குப் போய்விட்டது. எத்திராஜ் மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று அவர்கள் நினைத்தார்கள். கேன் வராததைப் பார்த்து மாடிவீட்டுக்காரர்களும் அதையே நினைத்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகு அவரே இறங்கி, அறையைக் கழுவி, கேன் எடுக்கப் போனார்.

"எங்க இருந்தீங்க?" என்று யாரும் கேட்கவில்லை. "இன்னிக்கு ரெண்டா குடுங்க" என்றார்கள்.

கிருஷ்ணப்பிரியா நடிக்க ஆள் தேடியபோது அவர் உடனே சரி என்றார். ஒத்திகை முடிந்ததும் டீ உண்டு, பஜ்ஜி உண்டு, பத்துப்பேர் சுற்றி உட்கார்ந்து பேசுவார்கள். தண்ணீர் வேடத்தை அவரே கேட்டு வாங்கினார். ஆனால் தண்ணீர் எந்தக் கட்டத்திலும் நிற்காது, எல்லாக் கட்டத்துக்குள்ளும் போய் வெளியே வந்துவிடும். அதனால் இவருக்குச் சம்பந்தி யார் என்ற கேள்வி யாருக்கும் எழவில்லை. கோலமாவுக் கட்டங்களும் கேட் கணக்குத்தான். பின்போர்ஷனுக்குத் தனி கேட் இல்லை, தனிக் கட்டமும் இல்லை.

அவர் கேட்டிருக்கலாம். கேட்டு, ஒரு வீட்டில் தயங்கினால், மறுநாள் காலை அதே வாசலில் கேனோடு போய் நிற்க வேண்டுமே. முதல் வருட நாடகத்தன்று அவரும் ஒரு தட்டு, கால் கவுளி வெற்றிலை, பாக்கு, நாலு பூவன்பழம் வாங்கிப் பையில் வைத்திருந்தார். யாராவது பேச்சை எடுத்தால் நீட்டலாம் என்று. ஆட்டம் முடிந்தது, கைதட்டினார்கள், கலைந்தார்கள். பழத்தை அவரே சாப்பிட்டார். வெற்றிலை தட்டிலேயே கருத்துப்போயிற்று.

போன ஐப்பசியில் நாடகம் மறுபடியும் நடந்தது. நல்ல கூட்டம். அன்றும் தார்ப்பாய்க்குள் பை இருந்தது. எத்திராஜ் கல்வெர்ட்டிலிருந்து வந்தார், டீக்கடையைத் தாண்டினார், கஜபதி கட்டத்துக்குள் புகுந்தார். வழக்கமாக அங்கிருந்து இடப்பக்கம் திரும்புவார். அன்று நேராகப் போனார். கட்டத்தின் பின்கோட்டைத் தாண்டி, ஒன்றும் வரையாத ரோட்டில், தார்ப்பாயை விட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"தண்ணி இன்னாடா உக்காந்துச்சு" என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது.

கிருஷ்ணப்பிரியா பக்கத்தில் வந்து குனிந்தார். "அண்ணா, அடுத்த வீடு."

"இங்க ஒரு ஊடு கீதும்மா."

சிரிப்பு நின்றது. கஜபதி தலையைச் சொறிந்தார். "அட, ஆமா. நம்ம பின்போர்ஷன். நீ பொண்ணு ஊட்டுக்குப் பூடுவேன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்?"

"யாரு நைனா சொன்னது?"

ஜமீலா கோலமாவு டப்பாவை எடுத்துவந்து, அவரைச் சுற்றி நாலு கோடு இழுத்தார். கட்டம் சின்னதாக இருந்தது. எத்திராஜ் பையிலிருந்து தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அதன்பிறகுதான் சங்கடம். மாடிவீட்டுக் கட்டங்களில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒற்றை ஆம்பளை. ஒரு வீட்டில் வயசுக்கு வந்த பெண்கள், ஒரு வீட்டில் ஒரே பாத்ரூம். ஜமீலா வீட்டில் ஏற்கெனவே கஜபதி குடும்பமும் நாயும். கிருஷ்ணப்பிரியா வாயைத் திறந்து, தோழிகள் பக்கம் திரும்பி, மூடிக்கொண்டார். யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோருக்கும் ஒரு காரணம் இருந்தது.

அபார்ட்மென்ட் சங்கச் செயலாளர் சரவணக்குமார் கடைசியில் கைதூக்கினார். "ரெண்டாவது மாடி பாபு சார் வீடு பூட்டித்தான கெடக்கு? சாவி எங்கிட்ட இருக்கு."

அங்கேயே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். பெங்களூரில் இருந்த பாபுவுக்கு விஷயத்தைப் புரியவைக்க நேரம் பிடித்தது.

"சம்பந்தியா? எனக்குக் கல்யாணமே ஆகலையே சார்" என்றது போன்.

தெரு விழுந்து விழுந்து சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் போன் சொன்னது: "தாராளமா இருக்கட்டும். அவர் நம்பர் குடுங்க."

சரவணக்குமார் பாபுவுக்குப் பதிலாகத் தட்டை வாங்கினார். பதில் தட்டு ஏற்பாடு இல்லாததால் சாவியைக் கொடுத்தார். கைதட்டல் பலமாக இருந்தது. எத்திராஜ் எழுந்து, தார்ப்பாயைத் தோளில் போட்டு, மீதி வீடுகளுக்குத் தண்ணீராகப் போனார். அவர் காலடி பட்டுப் புதுக்கட்டத்தின் ஒரு கோடு அழிந்திருந்தது.

கார்த்திகையில் மழை பிடித்தது. இரண்டாம் நாள் பகல் கல்வெர்ட் நிரம்பி ரோட்டுக்கு ஏறியது. தெரு இந்தமுறை ஓடவில்லை, கத்தவில்லை. சம்பந்திகள் சம்பந்திகளிடம் போனார்கள். எத்திராஜ் கேன்களைக் கயிற்றில் கோத்து ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு, ஒரு பையையும் ஒரு நிறைகேனையும் எடுத்துக்கொண்டு இரண்டாவது மாடி ஏறினார். பழக்கத்தில் செருப்பை வெளியே விட்டார்.

சோபாமேல் பெட்ஷீட் போர்த்தியிருந்தது. காலண்டர் எந்த வருடத்திலோ நின்றிருந்தது. சமையலறை ஓரத்தில் டிஸ்பென்சர். கேனைக் கவிழ்த்தார். அதற்குமேல் எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். பிறகு பால்கனிக்குப் போனார். தண்ணீர் டீக்கடை ஓரம் வந்தது, அயர்ன் வண்டி இருக்கும் இடத்துக்கு வந்தது, கஜபதி கேட்டுக்குள் புகுந்தது. அவர் நடித்ததைவிட மெதுவாகத்தான் வந்தது. முதல் மாடியிலிருந்து குக்கர் விசில், நாய்க் குரைப்பு, சுரேகா யாரையோ திட்டுவது, ஜமீலாவின் சிரிப்பு எல்லாம் மேலே கேட்டன. கரண்ட் போயிற்று.

போன் அடித்தது. பாபு.

"மேல வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன் சார். சோபால உக்கார்ல, தரையிலதான்."

"உக்காருங்க. யார் கேக்கப் போறா." கீழே நாய் மறுபடி குரைத்தது. "அது என்ன சத்தம்?"

"கஜபதி ஊட்டு நாயி. கீழ ஜமீலாம்மா ஊட்ல கீதுங்க எல்லாம்."

"நீங்க போகலையா?"

"அவங்க சம்பந்திங்க சார். நம்ம சம்பந்தி நீங்கதானே."

பாபு சிரிப்பார் என்று நினைத்தார். அவர் சிரிக்கவில்லை.

"இங்க மழையே இல்ல" என்றார். "போனைக் கொஞ்சம் பால்கனிப் பக்கம் காட்டுங்க."

எத்திராஜ் கையைக் கம்பிக்கு வெளியே நீட்டினார், போன் நனையாமல் இன்னொரு உள்ளங்கையை மேலே குடையாகப் பிடித்துக்கொண்டு. மழை ஏ.சி. பெட்டிமேல் விழுந்தது, கீழே தண்ணீர்மேல் விழுந்தது. கை கடுத்தபோது மாற்றிக்கொண்டார்.

"கேக்குதா சார்?"

"கேக்குது. வெச்சிடாதீங்க."

வைக்கவில்லை. பேட்டரி தீர்ந்து போன் அணைந்த பிறகும் சற்று நேரம் நீட்டியபடியே நின்றார். பிறகு உள்ளே வந்து, பையிலிருந்து சார்ஜரைத் தேடி எடுத்து, கரண்ட் இல்லை என்று தெரிந்தே சுவரில் செருகி வைத்தார்.