ஆனேக்கல் அறையில் அடுக்கிவைத்தவை

மர்பி டவுனில் இருந்த எங்கள் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு மாடி வைத்துக் கட்டப்போகிறோம், அதற்காகத்தான் வீட்டைக் காலி செய்கிறோம் என்று தெருவே நினைத்தது. அது பொய்யில்லை. ஆனால் அந்த வேலையை அந்த மாதமே ஆரம்பித்தாக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஆரம்பிக்காமல் விட்டால் அப்பாவுக்கு விஷயம் தெரிந்துவிடும் என்பதற்காகத்தான் ஆரம்பித்தோம்.

விஷயம் இதுதான். அப்பாவின் ஈரலில் கட்டி. முற்றிப்போய்விட்டது என்று டாக்டர் மகளான என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார். மழைக்காலம் தொடங்கும்வரை இருந்தால் பெரிது என்றார். அப்போது பொங்கல் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா அழுது முடித்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, "அவருக்குத் தெரியவே கூடாது" என்றாள். அப்பாவிடம் வயிற்றில் புண் என்று சொன்னோம். அவர் நம்பினார், அல்லது நம்பியதாக நாங்கள் நம்பினோம்.

வீடு கட்டுவது அப்பாவின் இருபது வருட ஆசை. மேஸ்திரியைப் பேசி நாள் குறித்தாகிவிட்டிருந்தது. நிறுத்தினால் ஏன் என்று கேட்பார். கேட்டால் சொல்வதற்கு இன்னொரு பொய் எங்களிடம் கையிருப்பில் இல்லை. எனவே தெருக்கோடியில் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, அங்கே வேண்டியதை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் ஆனேக்கல்லில் பெரியம்மா வீட்டுப் பின்னறையில் பத்து மாதம் போட்டுவைப்பது என்று முடிவாயிற்று.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்த இரண்டு வாரமும் கோபத்திலேயே வேலை செய்தேன். யார்மேல் கோபம் என்று தெரியவில்லை, கோணிகளின்மேல் காட்டினேன். அம்மா பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் துலக்கி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கினாள். நடுநடுவே நான் பேப்பர் திணித்தேன். வெயிலில் காய்ந்த வேப்பிலையைப் போர்வை மடிப்புகளில் தூவினோம். ஊறுகாய் ஜாடிகளைத் தலையணைகளுக்கு நடுவே வைத்தோம். புத்தர் படத்தை மட்டும் அம்மா யாரையும் தொடவிடவில்லை. அதை ஒற்றை அறைக்குத் தானே கொண்டுபோவதாகச் சொல்லிவிட்டாள்.

அம்மாவின் தையல் மெஷின் கடைசியில் மிச்சமிருந்தது. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் தெருப் பெண்களுக்கெல்லாம் அவள்தான் ஜாக்கெட் தைத்தாள். ஆஸ்பத்திரிக்கு அலையத் தொடங்கியதும் நிறுத்திவிட்டாள். எண்ணெய் விட்டு, பழைய சேலையால் சுற்றிக் கட்டும்போது, "இனிமே யாரு உக்காந்து தைக்கப்போறா? அத உள்ள தள்ளு" என்றாள்.

அப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி மூட்டைகளுக்கு நம்பர் போட்டார். அவர் ஒரு தொழிற்சாலையில் முப்பது வருடம் ஸ்டோர்கீப்பராக இருந்தவர். எந்த போல்ட் எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டில் என்று பார்க்காமலே சொல்வார் என்பார்கள். சீட்டு எழுதி, மைதா பசை தடவி ஒவ்வொன்றின்மேலும் ஒட்டினார். நோட்டுப் புத்தகத்தில் பதிமூணு, பதினாலு என்று வரிசையாக எழுதி ஒவ்வொன்றுக்கும் எதிரே உள்ளே இருப்பதை எழுதினார். ரிட்டயரான பிறகு அவர் முகத்தில் அந்த மும்முரத்தை நான் பார்த்ததேயில்லை. எங்கள் பொய் நன்றாகத்தான் வேலை செய்கிறது என்று நானும் அம்மாவும் கண்ணாலேயே பேசிக்கொண்டோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டெம்போ வந்தது. வரவேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் அப்பா கேட்கவில்லை. டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார். ஓசூர் ரோட்டில் பொம்மசந்திராவைத் தாண்டும்போது, "உன் கம்பெனி இதானே?" என்று பின்னால் திரும்பிக் கேட்டார். ஆமாம் என்றேன். அங்கே பம்பு செய்யும் ஒரு கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவில் எனக்கு வேலை. லாரியில் சரக்கு ஏற்றும்போது, கடைசி ஊரில் இறங்க வேண்டியது முதலில் உள்ளே போகும். முதலில் இறங்க வேண்டியது கதவோரம் வரும். ஏழு வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

பெரியம்மா வீட்டுப் பின்னறைக்கு ஒரே கதவு, ஒரே ஜன்னல். கரையானுக்குப் பயந்து செங்கல் பரப்பி, அதன்மேல் சாமான்களை அடுக்கினோம். நானும் டிரைவரும் தூக்கினோம். அப்பா வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்கு எல்லாம் முடிந்தது. "ஆயித்தா அக்கா?" என்று, முடிந்ததா என்பதைக் கன்னடத்தில் என்னிடம் கேட்டுவிட்டு டிரைவர் பீடி பிடிக்க வெளியே போனார். அம்மாவும் பெரியம்மாவும் சமையற்கட்டில் இருந்தார்கள்.

அப்பா நோட்டைத் திறந்தார். எது எங்கே இருக்கிறது என்று எழுதிக்கொள்ள வேண்டுமாம். அவர் நம்பரைச் சொல்ல, நான் இடத்தைச் சொன்னேன்.

"இருவத்திரண்டு?"

"கதவோரம், வலது பக்கம்."

"அதுல இன்னா இருக்குது?" நோட்டில் அவரே எழுதியிருந்தும் கேட்டார்.

"அம்மா குடை, என் மழைக்கோட்டு. மழை ஆரம்பிச்சா வந்து எடுக்கணுமில்ல."

"என் கோட்டு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்பாவின் மழைக்கோட்டும், அவருடைய ரப்பர் செருப்பும், குளிருக்குப் போடும் குல்லாவும் பதினாலாம் நம்பர் டிரங்கில் இருந்தன. டிரங்கு பின்சுவரை ஒட்டி இருந்தது. அதற்கு முன்னால் பீரோ, பீரோவுக்கு முன்னால் கட்டில் சட்டங்கள். அதை எடுக்க வேண்டுமானால் பாதி அறையை வெளியே இழுத்துப்போட வேண்டும். நான் யோசித்து அப்படிச் செய்யவில்லை. மூட்டை கட்டும்போதே என் கை பிரித்துவிட்டிருக்கிறது: ஜூன் மாதம் வேண்டியது ஒரு பக்கம், வேண்டாதது ஒரு பக்கம்.

"தப்பா வெச்சிட்டேன்பா. இப்ப எடுத்துடறேன்" என்று கட்டில் சட்டத்தைப் பிடித்து இழுத்தேன்.

"இருக்கட்டும், விடு" என்றார் அப்பா. "சரியாத்தான் அடுக்கியிருக்கிற. முப்பது வருசம் ஸ்டோர்ஸ்ல உக்காந்தவன்கிட்ட சாமானை அடுக்கிக் காட்டிட்டு ஒண்ணத்த மறைக்க முடியுமா? எனக்கு முன்னாடியே ஒரு சந்தேகம்தான்."

நான் சட்டத்தை விடவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு அழுதேன். சத்தம் சமையற்கட்டுக்குக் கேட்கக்கூடாதே என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அப்பா அழவில்லை. நோட்டில் எதையோ எழுதினார். பிறகு அறையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒருமுறை பார்த்தார்.

"மெஷினை எங்க வெச்ச?"

"உள்ள, ஜன்னலாண்ட. அம்மாதான் உள்ள தள்ளச் சொன்னா."

"அத எடுத்துக் கதவாண்ட வை. அதுதான் முதல்ல வேணும். சும்மா உக்காந்தா அவ தாங்கமாட்டா."

டிரைவரைக் கூப்பிட்டு, நான்கு மூட்டைகளை விலக்கி, மெஷினைக் கதவோரம் கொண்டுவந்து வைத்தேன். டிரைவர் போனதும் அப்பா மெல்லச் சொன்னார்: "எனக்குத் தெரியும்னு உங்கம்மாகிட்ட சொல்லாத. நான் நம்புறேன்னு நெனச்சிட்டிருக்கறா. அதுலதான் அவளுக்குத் தெம்பு."

திரும்பி வரும்போது அம்மா என் காதோரம், "அவருக்கு ஒண்ணும் சந்தேகம் வரலியே?" என்று கேட்டாள். இல்லை என்றேன். அன்றிலிருந்து ஒற்றை அறையில் இரண்டு பேருக்கும் நடுவே நான் இருந்தேன். மாலையில் அம்மாவை உட்காரவைத்து அப்பா கேட்பார்: "ஹாலுக்கு இன்னா பெயின்ட் அடிக்கலாம்? மாடிப்படி எந்தப் பக்கம் வரணும்?" அம்மா ஒவ்வொன்றுக்கும் ஆசையாகப் பதில் சொல்வாள். இளம்பச்சை என்று ஒருநாள், வேண்டாம் வெள்ளையே இருக்கட்டும் என்று மறுநாள். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருக்கும்.

மே மாதக் கடைசியில் அப்பா போனார். மழை இன்னும் பிடிக்கவில்லை. காரியங்கள் முடிந்த பிறகு அம்மா சாப்பிடாமல், பேசாமல், சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நான் ஆனேக்கல்லுக்குப் போய், கதவைத் திறந்ததும் கைக்கு எட்டிய மெஷினை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்தேன். அறைக் கதவின் உட்புறம் அப்பா தன் கையால் எழுதி ஒட்டிய பட்டியல் இருந்தது. பதினாலாம் நம்பருக்கு எதிரே, 'பின்சுவர். அவசரமில்லை' என்று எழுதியிருந்தார்.

மெஷினைப் பார்த்ததும் அம்மா, "சீக்கிரமா வந்துட்டியே. நான் உள்ள இல்ல தள்ளச் சொன்னேன்?" என்றாள்.

"கதவாண்டதான் இருந்தது."

"யாரு வெச்சது?"

இனி யாருக்காகப் பொய் சொல்வது? "அப்பாதான் வைக்கச் சொன்னார்" என்றேன்.

மெஷினைச் சுற்றியிருந்த சேலைக் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. "அப்போ பெயின்ட்டு, மாடிப்படின்னு கேட்டதெல்லாம்?" என்றாள்.

அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். நூலையும் ஊசியையும் என் பக்கம் நீட்டினாள். "கோத்துக் குடு. எனக்குக் கண்ணு தெரியல" என்றாள்.