நெடுந்தீவில் ஒருநாள் பட்டறையும் நிரோஜாவின் வகுப்பும்

போன ஆனியில், ஒரு வெள்ளிக்கிழமை, நெடுந்தீவுக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிள்ளைகளை ஓவியத்தாலும் மனம்விட்டுப் பேசும் பயிற்சியாலும் திரும்ப வகுப்புக்கு வரவைக்க ஒரு நிறுவனம் ஒருநாள் பட்டறை வைத்தது. நான் ஓவிய ஆசிரியை. கூப்பிட்டார்கள், போனேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவானுக்குப் பேருந்தில் ஒன்றேகால் மணித்தியாலம், பிறகு படகில் ஒரு மணித்தியாலம். காற்றுக் காலம். பிள்ளைகளின் மனதைத் தேற்றப் போனவர்களில் பாதிப் பேர் வாந்தியெடுத்துச் சுருண்டு கிடந்தோம். இறங்குதுறையில் பிடித்த ஓட்டோக்காரர் வர்ணப் பெட்டிகளைப் பார்த்துவிட்டு, "படம் கீறினாப் பிள்ளையள் பள்ளிக்கூடம் வருவினமோ, தங்கச்சி?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. "ஓம் அண்ணை, வருவினம்" என்றேன்.

பத்து மணிக்குத் தொடங்கினோம். இருவர் இருவராக எதிரெதிரே இருந்து மற்றவரின் முகத்தைப் படமாகக் கீறுவதுதான் முதல் பயிற்சி. ஒன்பதாம் வகுப்பில் நின்றுவிட்ட நிரோஜாவுக்குச் சோடி கிடைக்கவில்லை. நானே போய் முன்னால் இருந்தேன். என் மூக்கோடு நெடுநேரம் மல்லுக்கட்டினாள். அழித்து அழித்துச் சிரித்தாள். பள்ளிக்கூடத்தை நினைத்தால் மனதில் என்ன வருகிறது என்று, பயிற்சித்தாளில் எழுதியிருந்தபடியே கேட்டேன்.

"ஒண்டும் வரேல்லை ரீச்சர். வகுப்பில நான் தனிய. மற்றவை எல்லாரும் யாழ்ப்பாணத்துக்குப் போயிட்டினம். கதைக்க ஒருத்தரும் இல்லை."

பயத்துக்கு ஒரு நிறம், கோபத்துக்கு ஒரு நிறம் என்று நாங்கள் பிரித்துக்கொண்டு போயிருந்தோம். ஆளில்லாத வகுப்புக்கு எங்களிடம் எதுவும் இருக்கவில்லை. ஆனாலும் மத்தியானத்துக்குள் அவள் இளகி, "திங்கக்கிழமை போய்ப் பாக்கிறன். நீங்களும் வருவீங்களோ?" என்றாள்.

"எனக்கு ஏலாதம்மா. ரெண்டரைப் படகுக்குப் போகவேணும்."

"அப்ப நான் ஆரோட இருக்கிறது?"

அதற்குள் ஒருங்கிணைப்பாளர் குழுப்படம் எடுக்கக் கூப்பிட்டார். நிரோஜா வரவில்லை. என் பாதி முகம் இருந்த தாளை மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தாள். படகில் வரும்போது, பள்ளி திரும்பச் சம்மதித்தவர்களில் அவளையும் சேர்த்துச் சொல்லி எங்கள் ஆட்கள் மகிழ்ந்தார்கள். திங்கட்கிழமை அவள் வரவில்லை என்று பள்ளிக்கூட அதிபர் தொலைபேசியில் சொன்னார். நிறுவனத்தின் மேல் எவ்வளவு எரிச்சலோ, அவ்வளவு என் மேலும் வந்தது.

போகிறவர்களுக்கு: படகு நேரத்தை முதல்நாளே விசாரியுங்கள். குடிநீர் கொண்டுபோங்கள், நிழல் குறைவு. தங்குவதற்கு ஓரிரு விடுதிகள் உண்டு. பிள்ளைகளோடு வேலை செய்யத்தான் போகிறீர்கள் என்றால் ஒரு பள்ளித் தவணை, மூன்று மாதமாவது தங்குங்கள். ஒருநாள்தான் இருக்கிறது என்றால் காட்டுக் குதிரைகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். பள்ளிக்கூடப் பக்கம் போகாதீர்கள்.