புளித்த பாலும் பிள்ளையின் உச்சியும்

மூக்கு நோயை, எங்கள் பேச்சில் மூக்கு வருத்தத்தை, ஒரு விஷயமென்று எழுதுவதா எனப் பல வருடம் தயங்கினேன். அதுவும் மனைவியின் மூக்கு. இப்போது அவளே, "எழுதுங்கோ, ஆருக்கெண்டாலும் உதவும்" என்கிறாள். அம்மன் துணை.

நெடுந்தீவில் எங்களுக்கு மாடுகள் நின்றன. வெள்ளிக்கிழமைப் பொங்கலுக்கு அவள்தான் அம்மன் கோயிலுக்குப் பால் கொண்டுபோவாள். ஒருநாள் பூசாரியார் செம்பைத் திருப்பித் தந்தார்.

"புளிச்சுப்போச்சு, பிள்ளை. மணந்து பாக்கேல்லையோ?"

"அம்மாளுக்கு வைக்கிறதை மணக்கலாமோ, ஐயா?"

படைக்குமுன் பூவையோ பாலையோ முகர்வது எங்களுக்குப் பாவம். நின்றவர்கள் அவளுடைய பக்தியை மெச்சினார்கள். வீட்டுக்கு வரும் வழியில் மெதுவாகச் சொன்னாள்: "மணந்தாலும் தெரியாது. எனக்கு ஒரு மணமும் தெரியிறேல்லை."

வாயைத் திறந்தபடி தூங்குவாள், பேச்சு மூக்கடைத்து வரும். அவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது. வள்ளத்தில் ஊர்காவற்றுறைக்குப் போய், அங்கிருந்து பட்டினத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்குத்தர் கேட்டதற்கெல்லாம் நானே முந்திக்கொண்டு, "சளிதான் ஐயா, பெரிசா ஒண்டுமில்லை" என்றேன்.

"மூக்கு உம்முடையதோ? அவ சொல்லட்டும்."

எந்தப் பக்கம் அடைப்பு, தொண்டைக்குள் சளி இறங்குதா, முகம் கனக்குதா, நித்திரை எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். குளிர்ந்த கண்ணாடியை மூக்கின்கீழ் பிடித்தார். ஆவி படியவே இல்லை. விளக்கு வெளிச்சத்தில் உள்ளே பார்த்துவிட்டு, "ரெண்டு பக்கமும் நுங்கு மாதிரிச் சதை வளந்திருக்கு" என்றார். "உமக்கு இதிலை எது பெரிய கஷ்டம், பிள்ளை?"

நித்திரையைச் சொல்வாள் என்று நினைத்தேன்.

"கடைசிப் பிள்ளையின்ரை உச்சி மணம் எனக்குத் தெரியாது, ஐயா."

அவர் விளக்கை அணைத்து வைத்தார். "அப்ப கடுமைதான்" என்றார்.

மூக்குக்குள் கம்பிச் சுருக்குப் போட்டுச் சதையை எடுத்தார். மணம் திரும்புமென்று சொல்ல ஏலாது, சதை பிறகும் வளரலாம் என்றார்.

புண் ஆறி வள்ளத்தில் திரும்பும்போது என் கையைப் பிடித்தாள். "இஞ்சாருங்கோ, என்னவோ நாறுது."

"கருவாட்டுச் சிப்பம், அக்கா. மூக்கைப் பொத்திக்கொண்டு இருங்கோ" என்றான் வள்ளக்காரன்.

அவள் பொத்தவில்லை. கண்ணீர் வழிய, கரை வரும்வரை மூச்சை இழுத்துக்கொண்டே இருந்தாள். வீட்டில் செருப்பைக்கூடக் கழற்றாமல் பிள்ளையை வாரி எடுத்து உச்சியில் மூக்கை வைத்தாள்.

சதை பிறகும் வளர்ந்தது. பிறகும் போய் எடுத்தோம். இதை மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். ஆனால் அம்மன் பாலைப் புளிக்கவைத்தாள் என்று சேர்க்க வேண்டாம், வருத்தம் அடியோடு மாறிவிட்டதென்றும் சொல்ல வேண்டாம். நடந்தது நடந்தபடியே போகட்டும்.