திரையின் இடது பக்கம்

என் தங்கை கணவருக்கும் எனக்கும் ஒரே வயது. அவர் தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டுநர். ஈப்போ நகருக்கு வெளியே, தஞ்சோங் ரம்புத்தான் பக்கத்தில், ரப்பர் தோட்டத்தை வெட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்தார்கள். நான் நகருக்குள், புந்தோங்கில் இருந்தேன். பள்ளி ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அங்கே போய்ச் சாப்பிடுவேன். சாப்பிட்டதும் இருவரும் தொலைக்காட்சி முன் உட்கார்ந்து ஒரு சண்டை வீடியோ விளையாட்டு ஆடுவோம். விளையாட்டுக் கருவி அவருடைய மகளுடையது. அவள் படிக்கப் போனபோது விட்டுப்போனதை நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

அந்தரத்தில் சில மேடைகள் மிதக்கும். அவற்றின்மேல் இரண்டு பேர் மோதுவார்கள். அடி வாங்க வாங்க ஆள் லேசாகிக்கொண்டே வருவான். கடைசியில் ஓர் அடியில் மேடையை விட்டே பறந்துபோய் விழுவான். நான் எடுப்பது கனத்த ஆள். அவர் எடுப்பது ஒல்லியான முகமூடிக்காரன். நாங்கள் வைத்த பெயர் அணில்.

வேகமான ஆளை எடுப்பவர்கள் பெரும்பாலும் ஓடி ஓடியே தோற்பார்கள். கால் வேகமாக இருப்பதால் ஓடத்தான் தோன்றும். அவர் அப்படி ஆடமாட்டார். என் ஆளின் கை எட்டும் இடத்துக்குச் சற்று வெளியே வந்து நின்றுவிடுவார். நான் அடிப்பேன், அது காற்றில் போகும். கனத்தவன் கையை இழுத்துக்கொள்வதற்குள் அணில் உள்ளே வந்து இரண்டு தட்டு தட்டிவிட்டு வெளியே போயிருக்கும். துள்ளினாலும் சின்னத் துள்ளல்தான். உயரக் குதித்தால் இறங்கப்போகும் இடம் எதிராளிக்குத் தெரிந்துவிடும் என்பார்.

"என் ஆளு எங்க நிக்கிறான்னு வெரலுக்கே தெரியும் மச்சான். கண்ணு முழுக்க ஒன் மேலதான்" என்று ஒருமுறை சொன்னார்.

அவரை நான் அநேகமாக ஜெயித்ததே இல்லை. போன ஆண்டு திடீரென்று ஜெயிக்க ஆரம்பித்தேன்.

அதற்கு நான் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. எங்கள் குடும்பங்களில் அந்தச் சமயத்தில் தாய்மாமன் முகம் கோணக்கூடாது. முதல் பத்திரிகை அவனுக்குத்தான். அவன் மாலை எடுத்துக் கொடுக்காமல் பெண் மணவறைக்கு வரமாட்டாள். அதனால் மனிதர் எனக்கு விட்டுக்கொடுக்கிறார் என்று எண்ணினேன். வாரக்கணக்கில் அப்படியே எண்ணிக்கொண்டிருந்தேன்.

"மாப்ளே, விட்டுக் குடுக்காத லா. நான் வராம எங்க போப்போறேன்?"

"யாரு விட்டுக் குடுத்தா? தொந்தி வெச்ச ஆள வெச்சிக்கிட்டு ரெண்டு ஆட்டம் ஜெயிச்சிட்ட. ரொம்பப் பேசாத."

"ரெண்டு கெழவனுங்களுக்கும் வெக்கமே இல்ல, பக்கத்து வீடு வரைக்கும் கேக்குது" என்றாள் தங்கை அடுப்படியிலிருந்து.

பிறகு எங்கோ காடுகள் எரிந்து புகைமூட்டம் வந்தது. ஈப்போவைச் சுற்றியிருக்கும் சுண்ணாம்பு மலைகள் ஒன்றும் தெரியவில்லை. அந்த ஞாயிறு ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தும் வீட்டுக்குள் எரிந்த வாடை இருந்தது.

"இன்னிக்கு அணில நீ எடு மச்சான். எனக்குக் கண்ணு எரியுது" என்றார்.

அவர் அந்த ஆளை யாருக்கும் கொடுத்ததில்லை. அன்று கொடுத்தது எனக்குப் பிடிக்கவில்லை.

முதலில் எல்லோரையும்போல நானும் ஓடினேன். ஓடிய வேகத்தில் விளிம்பைத் தாண்டி நானாகவே விழுந்தேன். "அணிலு இல்ல, அது ஆமை" என்று சிரித்தார். பிறகு நிதானித்தேன். அவர் நிற்பதுபோல எட்டாத தூரத்தில் நின்றேன். வலப்பக்கமிருந்து உள்ளே போனபோது அடித்துத் துரத்தினார். இடப்பக்கமிருந்து போனபோது என் அடி விழுந்தது. மறுபடி வலம், தடுத்தார். மறுபடி இடம், தடுக்கவே இல்லை. ஆய்வகப் பழக்கத்தில் பக்கத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன். விளைவு மாறவில்லை.

அதன்பின் இடப்பக்கச் சிறு மேடையில் அணிலை நிறுத்தி, கையிலிருந்த பொத்தான் கருவியை மடியில் வைத்துவிட்டேன். அவருடைய கனத்த ஆள் அங்குமிங்கும் நடந்தான்.

"எங்க போன மச்சான்? ஒளிஞ்சிக்கிட்டியா? வெளிய வா லா."

அந்த விளையாட்டில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. என் ஆள் நட்டநடு வெளிச்சத்தில் நின்றிருந்தான்.

என் கையை அவருடைய இடது கன்னத்தருகே கொண்டுபோய் விரல்களை ஆட்டினேன். அவர் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்.

"மாப்ளே, தலையத் திருப்பு."

கழுத்தை முழுக்கத் திருப்பினார். என் கையைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். "அங்கதான் இருந்தியா?"

"அங்கதான்."

"பொகையா இருக்கும்."

"பொகை வலது பக்கமும்தான் இருக்கு."

ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தார், பிறகு மற்றதை. இரண்டிலும் இடப்பக்கம் தெரியவில்லை என்றார். அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கல்யாணம் முடியட்டும் மச்சான். பஸ்ஸ விட்டா எனக்கு வேற என்ன தெரியும்? ஒன் தங்கச்சிக்கிட்ட சொல்லிடாத."

மாலை வேலைக்காரர்களை ஏற்றக் கிளம்பும் நேரம் நெருங்கியிருந்தது. எழுந்து சாவியை எடுத்தார்.

"மோட்டார் சைக்கிள்காரனுங்க எல்லாம் ஒனக்கு இடது பக்கம்தான் வருவானுங்க" என்றேன்.

கதவருகே நின்றார். திரும்பவில்லை.

"நேத்து சிம்பாங் முச்சந்தியில திரும்புறப்ப ஒரு சத்தம். மரக்கெளை ஒரசுதுன்னு நெனச்சேன்."

"எறங்கிப் பாத்தியா?"

"கண்ணாடியில பாத்தேன். ஒண்ணும் தெரியல."

"எந்தப் பக்கக் கண்ணாடி?"

அவர் சாவியோடு வெளியே இறங்கினார்.

பஸ் வரிசை வீடுகளின் கோடியில் புல்தரையில் நின்றிருந்தது. இருவரும் போனோம். இடப்பக்கம், ஏறும் கதவிலிருந்து பின்சக்கரம் வரை, இடுப்புயரத்தில், புதுக்கீறல் ஒன்று ஓடியிருந்தது. மரக்கிளையும் அப்படிக் கீறும். அவர் கட்டைவிரலால் தேய்த்து விரலைப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். வெறும் புழுதி. அதிலிருந்து எதுவும் நிச்சயமாகவில்லை.

பஸ் படியில் உட்கார்ந்து முதலாளிக்குப் போன் செய்தார். "வேற ஆள அனுப்புங்க பாஸ். நான் இன்னிமே ஓட்ட முடியாது" என்றார். சாவியை என்னிடம் நீட்டினார். வெளியே வந்த தங்கையிடம் அவரே எல்லாவற்றையும் சொன்னார். அவள் அழவில்லை. உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"ஆஸ்பத்திரி முதல்ல. அப்புறம் போலீஸ் ஸ்டேஷன். நேத்து அங்க யாருக்காவது அடிபட்டுச்சான்னு கேட்டுரணும்" என்றார்.

என் காரில் கிளம்பினோம். அவர் எனக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தார். புகையில் எதிரே வரும் விளக்குகள்கூடத் தாமதமாகத்தான் தெரிந்தன. ஒவ்வொரு சந்திப்பிலும் அவர் கழுத்தை முழுக்க ஜன்னல் பக்கம் திருப்பினார்.

"ஆளு இருக்கா மச்சான்?"

"இல்ல."

நான் சொன்னபிறகும் அவர் இன்னொரு முறை திரும்பிப் பார்த்தார்.