குழாயக்கா வகுப்பெடுத்த கதை

அந்த வட்டாரத்தில் எந்த வீட்டில் தண்ணீர் ஒழுகினாலும் குழாயக்காவுக்குத்தான் ஆள் போகும். கல்யாணத்துக்கு முன்பே ஸ்பானர் பிடித்த கை. தொழிற்பயிற்சிப் பள்ளியில் பிளம்பிங் பிரிவுக்குப் பயிற்றுநர் வேண்டும், அதற்கு முதலில் ஓராண்டு ஆசிரியப் பயிற்சி முடிக்க வேண்டும் என்று கேள்விப்பட்டதும் அவள் தயங்கவே இல்லை.

"தெரிஞ்ச வேலையைச் சொல்லிக்குடுக்க ஒரு வருஷப் படிப்பாங்க? சரி, போய் உட்கார்ந்துட்டு வரேன்" என்று கணவரிடம் சொல்லிவிட்டுச் சேர்ந்தாள்.

முதல் மாதிரி வகுப்பிலேயே மூக்குடைந்தது. கூடப் படிக்கிறவர்கள்தான் அன்றைக்கு மாணவர்கள். அதில் ஒரு தையற்காரர், இரண்டு எலக்ட்ரீஷியன்கள், ஓட்டல் சமையல்காரர் ஒருவர். குழாயக்கா பைப்பின் மரையில் ஒழுகாமலிருக்க டெஃப்லான் டேப்பைச் சுற்றினாள், குழாயைப் பொருத்தி முறுக்கினாள், கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அவ்வளவுதான்."

"எது அவ்வளவுதான்? எங்களுக்குத் தெரிஞ்சது உங்க முதுகு மட்டும்தாங்க" என்றார் தையற்காரர்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவளைவிட வயதில் சின்னவரான விரிவுரையாளர் மட்டும் சிரிக்கவில்லை. "டேப்பை எந்தப் பக்கமா சுத்தினீங்க?" என்று கேட்டார்.

குழாயக்கா குனிந்து தன் கைகளைப் பார்த்தாள். ஆயிரம் தடவை சுற்றியிருக்கிறாள். எந்தப் பக்கம் என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை.

வீட்டுக்கு வந்தும் அது ஆறவில்லை. கணவர் பேருந்து நடத்துனர். சுவரில் ஒரு ஆணி அடிக்கச் சொன்னால் விரலை நசுக்கிக்கொண்டு வந்து நிற்பவர். இவரைவிட நல்ல மாணவன் எங்கே கிடைப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. சமையலறைத் தொட்டிக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு அவரை உட்கார வைத்தாள். தான் எதையும் தொடுவதில்லை, வாயால் மட்டும்தான் சொல்வது என்று தனக்குத்தானே கட்டுப்பாடு விதித்துக்கொண்டாள்.

"மெயினை மூடுங்க."

"எந்த மெயின்? கரண்டா?"

"ஐயோ, தண்ணி மெயினுங்க!"

"அதை முதல்லயே சொல்லணும்ல? நான் என்ன ஜோசியக்காரனா?"

அவளுக்குச் சுருக்கென்றது. நியாயமான கேள்விதான். அன்றைக்கு அவர் டேப்பை மாற்றிச் சுற்றியதில் அது சுருண்டு பிதுங்கி, மெயினைத் திறந்ததும் தண்ணீர் பீய்ச்சியடித்துச் சட்டை தொப்பலாக நனைந்தது. ஸ்பானரைப் பிடுங்கத் துடித்த கைகளை அவள் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். மெயினை மறுபடி மூடச் சொல்லிவிட்டு, டேப் எந்தப் பக்கமாகச் சுருண்டிருக்கிறது என்று உற்றுப் பார்த்தாள்.

"பைப் வாயை உங்களைப் பார்க்கத் திருப்புங்க. இப்போ கடிகார முள் போற பக்கமா சுத்துங்க. குழாயை முறுக்குறப்போ டேப்பும் அதே பக்கம் இறுகும்."

இந்தத் தடவை ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. கணவர் குழாயைத் திறந்து திறந்து மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்கப்புறம் ஞாயிறுதோறும் பாடம். அவர் கேட்ட அசட்டுக் கேள்வி ஒவ்வொன்றுக்கும் பதில் தேடித் தேடியே அவளுக்குப் பேச்சு வசப்பட்டது.

இறுதித் தேர்வில் நிஜ மாணவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். பின்வரிசையில் தேர்வாளர். குழாயக்கா பக்கவாட்டில் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் செய்து முடித்து, தண்ணீரைத் திறந்தாள். குழாயும் பைப்பும் சேரும் மூட்டில் சொட்டியது.

அவள் பதறவில்லை. மெயினை மூடினாள். "நான் போட்டதே ஒழுகுது. ஏன்னு வந்து பாருங்க" என்று எல்லாரையும் அழைத்தாள்.

டேப் போதவில்லை என்றான் ஒருவன். முறுக்கு போதவில்லை என்றான் இன்னொருவன். ஒரு பெண் குழாயைக் கழற்றி, டேப்பை உரித்து, பைப்பின் மரையில் விரலை ஓட்டினாள்.

"மேடம், இங்க ஒரு மரை நசுங்கியிருக்கு."

"அட, ஆமா! நான் கவனிக்கலை. நீங்களே வேற பைப் எடுத்து மாட்டுங்க."

மாட்டினார்கள். ஒழுகல் நின்றது. கைதட்டலில் வகுப்பு அதிர்ந்தது.

தேர்வாளர் எழுந்து வந்தார். "அது ஒழுகாம இருந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"ஒழுக வெச்சிருப்பேன் சார்."

வேலை கிடைத்தது. அவளிடம் படித்து வெளியே போன முதல் அணியில் ஒருத்தி அடுத்த தெருவிலேயே பிளம்பிங் கடை போட்டிருக்கிறாள். குழாயக்காவின் பழைய வாடிக்கையாளர்கள் எல்லாரும் இப்போது அங்கேதான் போகிறார்கள். போன வாரம் ஒரு அம்மா வழியில் நிறுத்தி, "உங்களைவிட அந்தப் பொண்ணு சுத்தமா வேலை செய்யுது, தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார்.

"தப்பா நினைக்க என்ன இருக்கு? நான் சொல்லிக்குடுத்த பொண்ணுங்க அது!" என்று சொல்லிவிட்டு, குழாயக்கா வகுப்புக்கு நேரமாகிவிட்டதென்று விடுவிடுவென்று நடந்தாள்.