லோகு நடித்த படம்

போன வெள்ளிக்கிழமை ஒரு கொலையைப் பார்க்கப் பொன்னேரி போயிருந்தேன்.

பதற வேண்டாம். சினிமாக் கொலைதான். ஒரு பெரிய அரசியல் தலைவர்... இருபது வருடம் முன்பு அவரால் அப்பாவை இழந்த ஒரு மகன்... தலைவரைத் தீர்த்துக்கட்ட அவன் போடும் திட்டம். இந்தக் கதையை நீங்களும் நானும் எத்தனை தடவை பார்த்திருப்போம்! படத்தின் பெயர் வேண்டாம். டைரக்டர் எனக்கு வேண்டியவர். நல்ல மனிதர். இதைப் படித்தால் வருத்தப்படுவார்.

சென்னையில் எல்லா தியேட்டரிலும் ஓடுகிற படத்துக்கு எதற்குப் பொன்னேரி வரை போக வேண்டும்? அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒன்றரை வருடம் முன்பு, பத்திரிகைக்கு எழுத, இந்தப் படத்தின் ஷூட்டிங் பார்க்கப் பழவேற்காடு போயிருந்தேன். எங்களையெல்லாம் ஏரியில் படகில் ஏற்றி இறக்கியவர் லோகு. முப்பத்தைந்து வயது இருக்கும். டைரக்டருக்கு அவர் முகம் பிடித்துப்போய் ஒரு வேஷம் கொடுத்துவிட்டார். கொலைகாரனை ஏரியின் அக்கரைக்குக் கொண்டுபோய் விடுகிற படகோட்டி. ஒரே ஒரு வசனம் - "சீக்கிரம் ஏறுங்க, காத்து திரும்புது."

படகில் இரண்டு துடுப்பு வைத்திருந்தார்கள். லோகு சிரித்துவிட்டார். இடுப்பளவுத் தண்ணீரில் எவனாவது துடுப்பு போடுவானா, கழி ஊன்றினால் போதாதா என்று கேட்டார். துடுப்புதான் பார்க்க அழகு என்றார் டைரக்டர். ஊரில் பார்க்கிறவன் காறித் துப்புவான் என்றார் லோகு. கடைசியில் கழிதான் ஜெயித்தது.

அன்று மதியம் எனக்கு அவர் வீட்டில் சாப்பாடு. மனைவி அமுலு இறால் தொக்கு செய்திருந்தார். லோகு ஒவ்வொரு வாய்க்கும் நடுவில் அந்த வசனத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். ஒரு தடவை கோபமாக, ஒரு தடவை ரகசியமாக. அமுலு சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். சாயங்காலமே நான் ஊர் திரும்பிவிட்டேன். லோகுவின் காட்சியை மறுநாள்தான் எடுத்தார்கள்.

ஆறு மாதம் கழித்து அமுலுவிடமிருந்து போன் வந்தது. அந்தப் படம் எப்போது வரும் என்றுதான் முதலில் கேட்டார். பிறகுதான் மற்றதைச் சொன்னார். லோகு கடலுக்குப் போன நாளில் முகத்துவாரத்தில் மணல் மேடு தட்டியிருக்கிறது. ஓர் அலை ஃபைபர் போட்டைத் தூக்கிக் கவிழ்த்துவிட்டது. கூடப் போன இரண்டு பேர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். லோகு வரவில்லை. ஐந்து நாள் தேடினார்கள். வடக்கே ஆந்திரா பக்கத்துக் கரை வரை ஆள் போய்ப் பார்த்தது. உடல் கிடைக்கவில்லை.

அவருடைய போனும் அவரோடு போய்விட்டது. வீட்டில் எடுத்த வீடியோ எல்லாம் அதில்தான். மிச்சம் இருப்பது ஒரு கல்யாண போட்டோ. லோகு நடப்பதை, சிரிப்பதை, திரும்பிப் பார்ப்பதை இனி எங்காவது பார்க்க முடியுமென்றால் அது இந்தப் படத்தில் மட்டும்தான்.

கடலில் போனவர் உடல் கிடைக்கவில்லை என்றால் அந்தக் குப்பத்தில் ஒரு வழக்கம். வைக்கோலில் ஓர் உருவம் செய்து, அவர் போட்ட சட்டையை அதற்குப் போட்டு, காரியத்தை முடித்துவிடுவார்கள். அமுலு சட்டையைத் தரவில்லை. உடம்பே வரவில்லை, அப்புறம் என்ன காரியம் என்று சொல்லிவிட்டார். ஊரும் விட்டுக்கொடுத்தது. ஏரியில் யார் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்கள். பாடு என்று அதற்குப் பெயர். இந்த வருடமும் லோகுவின் பெயரைச் சீட்டில் எழுதித்தான் குலுக்கினார்களாம். பெயர் வந்தபோது அவருடைய அப்பா முனிரத்தினம் எழுந்து போய் எடுத்துக்கொண்டார்.

ஆனால் முனிரத்தினத்துக்கு மனசு ஆறவில்லை. பெற்ற பிள்ளைக்கு ஒரு கைப்பிடி அரிசி போடாமல் அலைய விட்டிருக்கிறோமே என்ற வேதனை. மருமகளிடம் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அமுலு சொன்ன பதில் இது - "அவர ஒரு தபா பாத்துட்டு சொல்றேன் மாமா."

படம் வரட்டும் என்று அர்த்தம்.

இதெல்லாம் தெரிந்துதான் நான் அவர்களைப் பொன்னேரிக்கு வரச் சொன்னேன். அவர்கள் ஊருக்குப் பக்கத்தில் அங்கேதான் படம் ஓடியது. முன்னதாக அசிஸ்டென்ட் டைரக்டருக்கு போன் போட்டு, லோகு வருகிற காட்சி இருக்கிறதா, வெட்டிவிட்டார்களா என்று கேட்டேன். முகம் க்ளியராகத் தெரியும் என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஏதோ பெரிய உபகாரம் செய்கிற நினைப்பு. வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை.

காலைக் காட்சி. தியேட்டரில் பாதிக் கூட்டம். எங்களுக்குப் பின்வரிசையில் காலேஜ் மாணவர்கள். இடைவேளை வரை மேடைப் பேச்சு, பிளாஷ்பேக், ரகசியக் கூட்டம். அமுலு ஹீரோவைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை. திரையில் எங்காவது தண்ணீர் வந்தால் மட்டும் ஸீட்டின் நுனிக்கு வந்தார்.

இடைவேளை முடிந்து பத்து நிமிடத்தில் லோகு வந்தார்.

கழியை ஊன்றிக்கொண்டு, முகத்தில் வெயில் பட, திரை முழுக்க நின்றார். அமுலு அழவில்லை. கண் இமைக்கவும் இல்லை. கழி பிடிக்கிற அழகைப் பார் என்று முனிரத்தினம் யாரிடமோ சொல்வது மாதிரி முணுமுணுத்தார். லோகு வாயைத் திறந்தார். "சீக்கிரம் ஏறுங்க, காத்து திரும்புது." குரல் வேறு யாருடையதோ. டப்பிங்!

"இது அவரு கொரலு இல்ல சார்," என்றார் அமுலு. சொன்னால் நான் சரி செய்துவிடுவேன் என்பது போலச் சொன்னார்.

படகு அக்கரை சேர்ந்தது. கொலைகாரன் இறங்கினான். கதைப்படி சாட்சி இருக்கக் கூடாது அல்லவா? திரும்பி நின்று லோகுவைச் சுட்டான்.

எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. அமுலுவுக்கும் தெரியாது. பிணமாகப் படுத்து நடித்ததை லோகு வீட்டில் சொல்லவே இல்லை. கடலுக்குப் போகிறவர் அதை எப்படி வீட்டில் வந்து சொல்வார்? ஈர மணலில் மல்லாந்து கிடந்தார். கேமரா பக்கத்தில் போனது. நாலைந்து விநாடிதான். சட்டை விலகிய வயிறு மெதுவாக ஏறி இறங்கியது.

"டேய், பொணம் மூச்சு உடுதுடா," என்றான் பின்வரிசையில் ஒருவன். தியேட்டரே சிரித்தது.

எழுந்து போய்விடலாமா என்று அமுலுவிடம் கேட்டேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டார்.

மிச்சப் படத்தை நான் எங்கே பார்த்தேன்? தலைவர் செத்தார். நாடே கொந்தளித்தது. ஹீரோ கண்ணில் நீரோடு அப்பா படத்துக்கு மாலை போட்டான். எல்லோரும் கை தட்டினார்கள். படகோட்டியைப் பற்றி அப்புறம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. சரி, சினிமா. ஆனால் ஒன்று தோன்றியது. பழிவாங்கும் படங்கள் நமக்கு ஏன் இவ்வளவு பிடிக்கின்றன? அங்கே ஒவ்வொரு சாவுக்கும் ஒரு ஆள் இருக்கிறான். தேடிப் போகலாம், சட்டையைப் பிடிக்கலாம், ஏன்டா என்று கேட்கலாம். அமுலு யாரைப் போய்க் கேட்பார்... மணலையா, அலையையா? கோபப்பட ஒரு முகம்கூட இல்லாத துக்கத்தை என்ன செய்வது? எனக்குத் தெரியவில்லை.

படம் முடிந்ததும் அமுலு முகம் கழுவப் போனார். முனிரத்தினம் தியேட்டர் வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழுது முடித்திருந்தார்.

"நைனான்னு கூப்ட மாட்டானான்னு தெனம் கரையில போயி நிப்பேன் சார். இன்னிக்கு உடம்ப பாத்துட்டேன். போதும்."

அடுத்த வாரமே காரியம் வைத்துவிடலாம், அமுலுவும் பார்த்துவிட்டதால் இனி சட்டையைத் தந்துவிடும், நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். சொல்கிறேன் என்றேன்.

அப்போதுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. சினிமாக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. யாராவது பிணமாக நடித்தால், ஷாட் முடிந்ததும் அவரை எழுப்பி, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி அதையும் எடுப்பார்கள். அபசகுனம் கழிய வேண்டும் என்று. படத்தில் வராது. ஆனால் எங்காவது இருக்கும்! மணலைத் தட்டிவிட்டு எழுந்து சிரிக்கிற லோகு... அது ஒன்று கிடைத்தால் போதுமே. ஓரமாகப் போய் அசிஸ்டென்ட் டைரக்டரைக் கூப்பிட்டேன்.

எடுத்தார்களாம். தலைவராக நடித்தவருக்கு. சிரிப்பு சரியாக வரவில்லை என்று மூன்று டேக் போனார்களாம்.

படகோட்டிக்கு?

"லைட் போயிட்டு இருந்துச்சு சார். சின்ன ஆர்ட்டிஸ்ட்டுக்கெல்லாம்..." என்று இழுத்தார். அவர் மேல் கோபம் வரவில்லை. எத்தனை ஷூட்டிங்கில் நானே வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கூட்டத்தில் செத்து விழுந்தவர்கள் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போனார்களா என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறேனா? வெட்கமாக இருந்தது.

அமுலு ஈர முகத்தோடு வந்தார். நேராக என் எதிரில் வந்து நின்றார்.

"அவரு மூச்சு உட்டாரு சார். நீங்களும் பாத்தீங்க இல்ல?"

எனக்குப் பதில் தெரியும். முப்பது வருடமாக சினிமாவைப் பற்றி எழுதுகிறவனுக்கு இதுகூடத் தெரியாதா? பிணமாகப் படுத்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும், பழக்கமில்லாதவர்களுக்கு அது வராது. விளக்கிச் சொல்லியிருக்கலாம். அமுலுவிடம் பேசுவதாக முனிரத்தினத்திடம் ஒப்புக்கொண்டும் இருந்தேன். ஆனால் அவரைத்தான் திரும்பிப் பார்த்தேன். அவர் மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உட்டான்மா," என்றார் முனிரத்தினம். "நானும் பாத்தேன்."

இரண்டு பேரும் பழவேற்காடு பஸ்ஸில் ஏறிப் போனார்கள். சட்டையைப் பற்றி யாரும் பேசவில்லை.

படத்தில் பிணம் மூச்சு விடுகிறது என்று இந்த வாரம் எவனாவது கிண்டலாக எழுதுவான். நானே எத்தனையோ படத்துக்கு அப்படி எழுதியவன்தான்.

இந்த ஒரு படத்தில் மட்டும் அது தப்பில்லை.