கல்லங்குறிச்சியிலிருந்து வந்த முட்டைக்கோஸ்

2024 மார்ச் 12, செவ்வாய். வழக்கம்போல எட்டே முக்காலுக்கு லேபைத் திறந்தேன். பாட்டில்களில் வாலை வடிநீரை நிரப்பினேன், கரைசலின் நிற அடர்த்தியை அளக்கும் கலரிமீட்டரை ஆன் செய்தேன், கழுவிக் கவிழ்த்திருந்த குழாய்களை ஸ்டாண்டில் அடுக்கினேன். பெரம்பலூர் பக்கம் ஒரு கல்லூரியில், உயிர்வேதியியல் துறையில் லேப் டெக்னீஷியன் நான்.

அன்று மாணவி நந்தினிக்குக் கடைசி நாள். முளைவிட்ட முட்டைக்கோஸ், முற்றிய முட்டைக்கோஸ், இரண்டில் எதில் ஆன்டிஆக்ஸிடன்ட் அதிகம் என்பது அவளுடைய புராஜெக்ட். மாலை ஐந்துக்குள் கைடு சார் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடாவிட்டால் வைவாவில் உட்கார முடியாது. மருந்து கலக்காத விதையை வாங்கி லேபிலேயே முளைக்கட்டியிருந்தோம். முற்றிய கோஸைக் கல்லங்குறிச்சியிலிருக்கும் தன் வீட்டிலிருந்து நறுக்கி எடுத்து வந்திருந்தாள்.

சோதனை எளிது. காயை மெத்தனாலில் ஊறவைத்து வடிகட்டி, அந்தச் சாற்றை டி.பி.பி.எச். என்ற ஊதாக் கரைசலில் விட வேண்டும். ஆன்டிஆக்ஸிடன்ட் அதிகம் என்றால் ஊதா அதிகம் வெளுக்கும். அந்தச் சத்து இளம் முளையில் செறிந்திருக்கும் என்பதால் முளைதான் முந்தும் என்று எதிர்பார்த்தோம். ஆனால் கோஸ் சாறு விட்ட குழாயில்தான் ஊதா மளமளவென்று போனது.

கைடு சார் இரண்டு குழாய்களையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "என்னம்மா, உன் கோஸு மட்டும் தனியா டியூஷன் போச்சா? லேபிள மாத்தி ஒட்டிட்டியா?"

"இல்ல சார். சத்தியமா இல்ல."

"அப்ப காரணம் சொல்லு. காரணம் தெரியாம நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

லேபிள்களை நானே சரிபார்த்தேன். தவறில்லை. அடுத்த சோதனைக்காகச் சலவை சோடாக் கரைசலை எடுக்கும்போது நந்தினி கை தவறிக் கொஞ்சம் சிந்திவிட்டாள். கோஸ் சாற்றை வடிகட்டிய தாள் அங்கே கிடந்தது. கரைசல் பட்ட இடமெல்லாம் சிவந்துவிட்டது.

"மேடம், இங்க பாருங்களேன்! எங்கக்கா வளைகாப்புல கரைச்ச ஆரத்தி மாதிரியே இருக்கு!"

ஆரத்தி சிவப்பது மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்வதால். சுண்ணாம்பு செய்யும் வேலையைச் சோடாவும் செய்யும். மஞ்சள் எங்கிருந்து வந்தது? நந்தினி அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அம்மா, கோஸ எதுல கழுவுன?"

"வெந்நில மஞ்சத்தூள் போட்டுத்தான். காலேஜுக்குப் போற காயி, புழு கிழு நெளிஞ்சா நம்ம வூட்டு மானம் என்னாவறது?"

"ஐயோ, மஞ்சள்ளயும் அந்தச் சத்து இருக்கும்மா!"

"இருந்தா நல்லதுதானடி. ரெண்டு மார்க்கு சேத்துப் போடச் சொல்லு உங்க சார!"

கைடு சார் சிரிப்பை அடக்க முடியாமல் வராந்தாவுக்குப் போய்விட்டார்.

தட்டில் பாதி முளை மிச்சம் இருந்தது. நந்தினி மார்க்கெட்டுக்கு ஓடிப்போய் ஒரு முழுக் கோஸ் வாங்கி வந்தாள். வெறும் தண்ணீரில் கழுவி, எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து செய்தோம். இந்த முறை முளைக் குழாய் முதலில் வெளுத்தது. கோஸ் குழாயில் ஊதா தங்கி நின்றது. கலரிமீட்டரும் அதையே சொன்னது.

நாலரை மணிக்குக் கைடு சார் பேனாவைத் திறந்தார். "ஒரு கண்டிஷன். காலையில வந்த தப்பான ரிசல்ட்டையும், அது ஏன் வந்துச்சுங்கிறதையும் ரிப்போர்ட்ல எழுதணும்."

"வைவாவுக்கு வர்ற எக்ஸ்டர்னல் சிரிப்பாரே சார்?"

"சிரிக்கட்டும். அந்த ஒரு பக்கத்தையாவது முழுசாப் படிப்பாருல்ல?" என்று கையெழுத்துப் போட்டார்.

இத்தனை வருஷமாக, சாம்பிள் லேபுக்குள் வந்த பிறகு நடப்பதை மட்டுமே நான் கண்காணித்து வந்தேன். அது ஒரு வீட்டு அடுப்படியைத் தாண்டி வருகிறது, அங்கே அக்கறையோடு அதற்கு ஏதாவது செய்துவிடுவார்கள் என்பது அன்றுதான் உறைத்தது.

மறுநாள் காலை, வேறொரு மாணவி முருங்கைக்கீரைக் கட்டோடு வாசலில் காத்திருந்தாள். அவளை உள்ளே விடும் முன் முதல் வேலையாக, "ஏம்மா, இத வூட்டுல யாராச்சும் கழுவுனாங்களா? எதுல?" என்று கேட்டேன்.